ஃபுட் வால்வு

புதுவயல் ரைஸ்மில்களில் பாதிக்கு
காயில் சுற்றிக் கொடுத்தவன் நான்.
முந்நூறு அடிக்குக் கீழே கிடக்கிற தண்ணீரை
மேலே வரவழைக்கத் தெரியும்.
ஒரு டம்ளர் தண்ணீரை
ஒரு சாண் கீழே இறக்கத் தெரியவில்லை.

மாசியில் மங்களேஸ்வரிக்கு இடப்பக்கம் விழுந்தது.
கை திரும்பி வந்தது.
பேச்சு பாதி வந்தது.
தொண்டை மட்டும் இன்னும்
காரைக்குடி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது.

விழுங்கப் பழக்குகிற ரெஜினா
மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டாள்:
ரெண்டு குழாய், நடுவில் ஒரு மூடி.
முழுங்கும்போது மூடி சாயணும் சார்,
இவங்களுக்கு ஒரு நொடி லேட்.
எனக்கா புரியாது?
கடையாக இருந்தால் கழற்றி வாஷர் மாற்றி
டீ ஆறுவதற்குள் மாட்டியிருப்பேன்.

தண்ணிதான் மோசம் என்றாள்.
ஓட்டம் ஜாஸ்தி, மூடி அசைவதற்குள் போய்விடும்.
அதனால் தண்ணீருக்குப் பொடி போட்டுக் கலக்கினேன்.
கரண்டியைச் சாய்த்தால் தேன் மாதிரி இறங்க வேண்டும்.
முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு
மங்களம் என்னைப் பார்த்த பார்வை,
இருபத்தாறு வருஷத்தில் பார்க்காதது.

முன்பெல்லாம் புரையேறினால்
உச்சியில் தட்டி, யாரோ நினைக்கிறாங்க என்போம்.
மாசி, பங்குனி முழுக்க
ஊரே அவளை நினைத்தது.
சித்திரையில் இருமல் நின்றது.
தேறிவிட்டாள் என்று கடைப்பையனுக்கு
பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.
நாலாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி,
மறுபடி பத்து நாள் கட்டில்.
இருமாமலே இறங்கியிருக்கிறது,
தப்பான குழாயில், சத்தமில்லாமல்.
உறுமுகிற மோட்டார் திடீரென்று அடங்கினால்
உடனே கையை வைத்துப் பார் என்று
பையனுக்குச் சொல்லுகிறவன் நான்தான்.

பில் புத்தகத்தின் பின்பக்கம் இப்போது அவள் கணக்கு.
ஏழு மணி, பத்துக் கரண்டி.
ஏழே முக்கால், எட்டு. ஒன்று துப்பியது.
ராத்திரிக்குள் ஒன்றரை லிட்டர் சேரவேண்டும்,
சேருவதில்லை.
மூத்திரம் மஞ்சளா வெளுப்பா என்றுகூட எழுதுகிறேன்.
திங்கட்கிழமை ரைஸ்மில் தராசில் நிறுத்துகிறேன்
நெல் மூட்டைகளுக்கு நடுவே, செருப்பைக் கழற்றச் சொல்லி.
ஐம்பத்திரண்டு இருந்தவள்
நாற்பத்தொன்று முந்நூறு.
சாக்கு எடை கழிக்கணுமா அண்ணே என்றான் கணக்குப்பிள்ளை.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கஞ்சி சொன்னார்கள்.
கஞ்சி கூடாது,
தண்ணி முந்தி ஓடும், பருக்கை பின்தங்கும்,
மூடி எதற்கென்று சாயும்?
இட்லி ஒட்டிக்கொண்டது.
மிக்ஸியில் அடித்த சோறும் ரசமும்
மூன்று வாரத்தில் அவளுக்கு முகம் திருப்பியது.

ஒருநாள் கும்மா, கும்மா என்றாள்.
அம்மா என்கிறாள் என்று நினைத்து
தேவகோட்டைக்கு போன் போட்டேன்.
மாமியார் வாடகைக் கார் பிடித்து அழுதுகொண்டே வந்தார்.
மங்களம் தலையில் அடித்துக்கொண்டாள்.
வலக்கையால் காட்டினாள்:
உளுந்து மாவு டப்பா. கருப்பட்டி. நெய்.

கும்மாயம்.

அம்மாவைக் கிண்ட விடவில்லை, என்னைத்தான்.
அடி பிடித்தது, கட்டி தட்டியது,
வடிகட்டி, பால் விட்டு மறுபடி கிண்டினேன்.
கரண்டியைச் சாய்த்தேன்.
ஓடவில்லை, ஒட்டவில்லை,
ஒரே உருண்டையாகச் சறுக்கி விழுந்தது.
ஆஸ்பத்திரி அட்டையில் இதன் பேர் இல்லை.
ரெஜினாவுக்கு வீடியோ அனுப்பினேன்,
அரைக் கரண்டியா ஆரம்பிங்க என்று பதில் வந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சுக்கு இறக்கி,
ஒரு முழுங்கு, அப்புறம் வெறும் முழுங்கு ஒன்று.
பிறகு 'ஆ' என்று குரல் கொடுக்க வேண்டும்,
ஈரமில்லாத குரல்.
கொடுத்தாள்.
பதினோரு அரைக் கரண்டி.

இப்போது ஆடி. நாற்பத்திரண்டு எழுநூறு.
பச்சைத் தண்ணி இன்னும் கிடையாது.
நடுச்சாமத்தில் பானையைக் கைகாட்டிக் கேட்பாள்,
பொடி கலந்துதான் கொடுப்பேன், திட்டுவாள்,
திட்டு மட்டும் குழறாமல் வருகிறது.

ஒவ்வொரு கரண்டிக்கு முன்னும்
ஒரு விரலைத் தூக்கி எனக்குக் காட்டுகிறாள்:
நினைக்காதீங்க.
நான் சுவரைப் பார்த்துக்கொண்டு
செப்புக் கம்பியை மனசுக்குள் சுற்றுகிறேன்,
ஒன்று, ரெண்டு, மூன்று,
விரல் இறங்கும் வரை.